கரமனையில் ஒரு கீழ் ஷட்ஜம்

சாலைக் கடைத்தெருவில் அந்தக் கடையைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு பக்கம் பித்தளை உருளிகளை அடுக்கிய பாத்திரக் கடை, மறு பக்கம் தேங்காய்நார்க் கயிற்றுச் சுருள்கள் தொங்கும் கடை. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையலாம். உள்ளே ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய ரேடியோ ஒன்றின் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்தரு வேணம்?” என்றார் நிமிராமல்.

“ஜெர்மானியம் டையோடு இருக்குமா?”

நிமிர்ந்தார். “தமிழா? உள்ள வாங்க.”

நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் கடைத்தெரு இது. தமிழ் வியாபாரிகளுக்கு இங்கே வேர் ஆழம். பெருங்காயமும் நார்க்கயிறும் ஈர மண்ணும் கலந்த வாசனை அந்த இடுக்கு வரைக்கும் வந்தது. அவர் மேல்தட்டிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து, செய்தித்தாளின் மேல் கவிழ்த்தார். அரிசிமணியைவிடக் கொஞ்சம் நீளமான கண்ணாடி டையோடுகள் உருண்டன. பெயிண்ட் உதிர்ந்த ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே பூனை மீசை போல ஒரு கம்பி வளைந்து, ஒரு கறுப்புத் துணுக்கைத் தொட்டுக்கொண்டு நின்றது.

“ரேடியோவுக்கா?”

“இல்ல, கிட்டாருக்கு.”

“கிட்டார்ல டையோடு எங்க வருது?”

சொன்னேன். பாதியிலேயே கையை உயர்த்தினார். “அதாவது, சத்தத்தக் கெடுக்கணும்?”

“ஆமாம்.”

“நாப்பது வருசமா சத்தம் கெட்டுப்போன பெட்டியெல்லாம் நல்லதாக்கிக் கொடுத்திட்டு இருக்கேன். நீங்க நல்லா இருக்கறதக் கெடுக்கக் காசு தாறீங்க.” ஒன்று 15 ரூபாய் வீதம் ஆறு எண்ணிப் பொட்டலம் கட்டினார். பிறகு ஏழாவதாக ஒன்றையும் போட்டு, “கெடுக்கறதுதானே, இருக்கட்டும்” என்றார்.

நான் திருவனந்தபுரம் வந்ததே இந்தக் கெடுக்கும் வேலைக்காகத்தான். பத்து வருடங்களாகச் சென்னையில் சமையலறை மேடையிலேயே டிஸ்டார்ஷன் பெடல்கள் செய்துவருகிறேன். ரிச்சி தெருவில் சாமான், ராத்திரியில் சால்டரிங், காலையில் மனைவியின் வசவு. செய்த எல்லாமே யாரோ வரைந்த சர்க்யூட்டின் நகல். ஒரு நாள் கல்லூரி நண்பன் சொன்னான்: “கரமனைல எங்க மாமா ஒரு பெட்டி பண்ணி வெச்சிருக்கார். அலைய எந்த உயரத்துல வேணும்னாலும் வெட்டும். போய்ப் பாரு.” கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டேன்.

நாகர்கோவில் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பச்சை இருளத் தொடங்கியது. குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை. எந்த இடத்தில் தமிழ் முடிந்து மலையாளம் தொடங்கியது என்று பிடிபடவில்லை. 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலும் இந்தப் பக்கத்தோடுதானே. டீ விற்கிறவர் இரண்டு மொழியையும் ஒரே மூச்சில் விற்றார். தம்பானூரில் இறங்கியபோது இடவப்பாதி மழை பிளாட்பாரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. எதிரே இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் கட்டிய செங்கல் சுருள். உள்ளே தளம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரே சரிவு பம்பரம் போலச் சுற்றிச் சுற்றி மேலே போகிறது, அதன் ஓரத்தில் மேசைகள். கஞ்சிமடிப்புத் தலைப்பாகை வைத்த பரிமாறுகிறவர் காபியைச் சிந்தாமல் அந்தச் சரிவில் ஏறி வருகிறார். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, ரேடியோவின் வால்யூம் குமிழைப் பிரித்தால் உள்ளே தெரியும் வளைந்த கரிப்பட்டைதான் தோன்றியது. அதன் மேல் ஊரும் முள் மாதிரி அந்த மனிதர். கெட்ட வியாதி இது, எதைப் பார்த்தாலும் பாகமாகவே தெரிவது.

கரமனை வீட்டில் மாமா வாசலிலேயே நின்றிருந்தார். எழுபதுக்கு மேல். கெல்ட்ரானில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேரள அரசு 1973இல் கே.பி.பி. நம்பியாரைக் கொண்டு தொடங்கிய நிறுவனம் அது. மாநில அரசு ஒன்று மின்னணுத் தொழிலுக்கென்றே கம்பெனி நடத்தியது நாட்டில் அதுதான் முதல் தடவை. 80களில் கெல்ட்ரான் டிவி பார்த்து வளர்ந்தவர்களை மலையாள நாட்டில் எங்கும் பார்க்கலாம். கெல்ட்ரானுக்கும் பத்து வருடம் முன்பே, 1963 நவம்பர் 21 அன்று, தும்பா கடற்கரையிலிருந்து நைக்-அப்பாச்சி ராக்கெட் கிளம்பிவிட்டது. மேரி மகதலேனா தேவாலயம்தான் அலுவலகம், சைக்கிள்தான் வண்டி. மாமா அப்போது பள்ளிக்கூடப் பையன். சாயங்கால வானத்தில் நீண்ட புகைக்கோட்டைப் பார்த்த தெருப் பையன்கள் எல்லோரும் மறுநாளே கிரிஸ்டல் ரேடியோ செய்யக் கிளம்பிவிட்டார்கள் என்றார். கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஆனால் இந்த ஊரில் ஓய்வுபெற்றவர் வீட்டு மாடியில் சால்டரிங் அயர்ன் இல்லாமலிருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

அவர் பெடலுக்குள் வந்த கதை சின்னது. எப்போதோ தெருப் பையன் ஒருவன் துபாயிலிருந்து வந்த பெடல் ஒன்று பழுதாகிவிட்டதென்று கொண்டுவந்தான். திறந்து பார்த்தார். ஓர் ஐசி, நாலு கண்டென்சர், இரண்டு டையோடு. “இவ்ளோதானா அப்பீ?” என்று கேட்டாராம். அந்த இரண்டு டையோடு என்ன செய்கிறது என்று பார்க்க ஆரம்பித்தவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். கிட்டார் வாசிக்கத் தெரியாது. இந்த ஊரில் 2003இல் உருவாகி, மலையாளத்தில் ராக் பாடி 2008இல் ஆல்பம் போட்ட அவியல் குழுவைப் பற்றிக் கேட்டேன். “அவியல்னா எனக்குத் தேங்கா எண்ணெதான் ஞாபகம் வரும்” என்றார்.

மேசையில் ஓர் எவர்சில்வர் சம்புடம். அதுதான் பெட்டி. மூடியில் மூன்று குமிழ், ஒரு சுற்றுச் சுவிட்ச். பக்கத்தில் பச்சைத் திரை ஆசிலோஸ்கோப் ஒன்று, சூடேறி மணத்துக்கொண்டிருந்தது.

“முதல்ல ஒண்ணும் வெட்டாம பாருங்கோ” என்றார். மூன்றாம் கம்பியைத் தட்டினேன். திரையில் ஒரு மலைத்தொடர் எழும்பியது. வழுவழுப்பாக இல்லை, தோள்களும் பள்ளங்களும் உள்ள மலை. ஒவ்வொரு தோளும் ஓர் உபரிச் சுரம்.

கிட்டார் பிக்கப்பில் பிறக்கும் மின்னழுத்தம் கொஞ்சம்தான். ஏறக்குறைய பத்தில் ஒரு வோல்ட், ஓங்கி அடித்தால் இன்னும் சற்று. ஐசி அதை நூறு மடங்குக்கு மேல் பெருக்கப் பார்க்கும். 9 வோல்ட் பாட்டரியில் அவ்வளவுக்கு இடமில்லை. அதற்கு முன்னாலேயே வழியில் இரண்டு டையோடுகள் எதிரெதிர் முகமாக நின்றுகொண்டு, ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டியதையெல்லாம் தரைக்கு இறக்கிவிடும். ஒன்று அலையின் மேல் பாதிக்கு, மற்றது கீழ் பாதிக்கு. இளநீர்க்காரர் அரிவாளால் தலையைச் சீவுவது போலத்தான். ஒரே சீவில் மட்டமாக எடுக்கிறவரும் உண்டு, நாலு பக்கமும் சரித்துச் சரித்து எடுக்கிறவரும் உண்டு. எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு மட்டமாக என்பதுதான் டையோடுக்கு டையோடு மாறும் குணம்.

மாமா சுவிட்சைத் திருப்பினார். முதல் இடம் ஜெர்மானியம்: கால் வோல்ட்டுக்குச் சற்று மேலேயே சீவத் தொடங்கிவிடும். மூலைகள் உருண்டு, சத்தம் போர்வைக்குள்ளிருந்து வந்தது. இரண்டாவது, ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் சிலிக்கான் 1என்4148: 0.6, 0.7 வோல்ட் வரை பொறுத்து, பிறகு சட்டென்று வெட்டும். முரட்டுச் சத்தம். மூன்றாவது சிவப்பு எல்.இ.டி.: 1.7 வோல்ட்டுக்கு மேல்தான் அசையும். சத்தம் திறந்துகொண்டது, அறை பெரிதானது போல இருந்தது.

“எது நன்னா இருக்கு?”

“மூணாவது. சந்தேகமே இல்ல.”

சிரித்தார். மீட்டரை வைத்துக் காட்டினார். உயரத்தில் வெட்டினால் மிச்சமிருப்பது அதிகம். அதாவது சத்தம் கூடுதல். ஜெர்மானியத்தைவிட எல்.இ.டி. பல மடங்கு பெரிய அலையை வெளியே விடுகிறது. காது கேட்டது குணத்தை அல்ல, அளவை. ஒவ்வொரு இடத்துக்கும் வால்யூமைத் திருத்தி மூன்றையும் சமமாக்கிவிட்டு மறுபடி கேட்கச் சொன்னார். இப்போது எனக்குப் பிடித்தது ஜெர்மானியம். பத்து வருடமாக நான் செய்த ஒப்பீடுகள் எல்லாம் இந்த ஒரு சின்னத் தவறின் மேல் நின்றவை என்று நினைத்தபோது, சென்னை வீட்டு அலமாரியில் இருக்கும் பதினோரு பெட்டிகளும் கண் முன்னே வந்து நின்றன.

உலகத்துக்கும் இது தவறிலிருந்துதான் கிடைத்தது. மார்ட்டி ராபின்ஸின் 1961ஆம் வருடத்துப் பாட்டு ஒன்றை நாஷ்வில்லில் பதிவுசெய்தபோது ஒலிப்பதிவு மேசையின் ஒரு சேனல் கெட்டுப்போய், கிரேடி மார்ட்டினின் வாசிப்பு உறுமலாக விழுந்தது. அழிக்காமல் விட்டுவிட்டார்கள். 1962இல் அந்த உறுமலைத் தரும் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற கால்பெட்டி சந்தைக்கு வந்தது. உள்ளே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். அதே 1962இல்தான் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஜெர்மானியம் சாமான்கள் செய்யத் தொடங்கியது. அங்கே அது கிட்டாருக்குப் போயிற்று, இங்கே ரேடியோவுக்கு. 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் தாளையே பிளேடால் கீறினார். 70களின் முடிவுக்குள் பாஸ் டி.எஸ்-1, டியூப் ஸ்க்ரீமர் என்று டையோடு பெட்டிகள் வரிசையாக வந்துவிட்டன. ஒன்றில் டையோடுகள் ஐசிக்குப் பின்னால் தரையைப் பார்த்து நிற்கும்; மற்றதில் ஐசியைச் சுற்றிய பின்னூட்ட வளையத்துக்குள்ளேயே உட்கார்ந்து, அலையை முழுதாகச் சீவாமல் தோளை மட்டும் அமுக்கும். செய்கிறவர் எந்த டையோடு போட்டாரோ அந்த உயரம்தான். வாங்கினவர் கையில் ஒன்றுமில்லை.

பெட்டியைத் திறந்து சுவிட்ச் வைத்துக்கொள்வது வீட்டில் செய்கிறவர்களின் பழக்கம். நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். ஆனால் சுவிட்ச் என்பது மாடிப்படி. நடுவில் நிற்க முடியாது. டையோடுக்கு வரிசையில் ஒரு குமிழைப் போட்டால் சீவல் மழுங்கும், உயரம் மாறாது. மாமா செய்திருந்தது வேறு. நான் எங்கும் பார்க்காதது என்று சொல்லலாம்; அவரைக் கேட்டால் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரிலும் இருப்பதுதான் என்பார்.

அதுவும் உண்மை. கல்யாண வீட்டு ஆம்ப்ளிஃபயரில், ஹீட் ஸிங்க்கில் ஒட்டினாற்போல ஒரு சின்ன டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் ஒரு பிரீசெட். வெளியே அனுப்பும் டிரான்சிஸ்டர்களுக்கு நடுவில் இத்தனை வோல்ட் என்று பிடித்துவைப்பது அதன் வேலை. டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் எப்போதும் ஏறக்குறைய 0.6 வோல்ட். அந்த 0.6ஐ இரண்டு ரெசிஸ்டர் கொண்டு பங்கு போட்டால், மொத்தம் எத்தனை மடங்கு என்பதை நாம் தீர்மானிக்கலாம். இரண்டும் சமமென்றால் 1.2. மேல் ரெசிஸ்டர் இரட்டிப்பென்றால் 1.8. ரெசிஸ்டருக்குப் பதில் குமிழ் வைத்துவிட்டால் உயரத்தை வழுக்கிக்கொண்டே போகலாம். மாமா பிசி547 இரண்டை எடுத்து, ஒன்றை மேல் பாதிக்கும் மற்றதைக் கீழ் பாதிக்கும் வைத்து, ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு ஜெர்மானியம் டையோடைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார், எதிர்ப்பக்க அலை உள்ளே நுழையாதபடி. கீழே ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவிலிருந்து மேலே மூன்று வரைக்கும், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். ரிப்பேர்க்காரர் மூளை, புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை, ஓர் இடத்துப் பொருளை இன்னோர் இடத்தில் கொண்டுவந்து வைத்தார். அவ்வளவுதான். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இரண்டு குமிழ் என்பதில் வேறொரு விஷயமும் இருக்கிறது. மேலும் கீழும் ஒரே உயரத்தில் சீவினால் 3, 5, 7 என்று ஒற்றைப்படை மடங்குச் சுரங்கள்தான் புதிதாகச் சேரும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாற்றி வைத்தால் 2, 4 மடங்குகளும் வந்துவிடும். மேல் ஸ்தாயி ஷட்ஜம் சேர்ந்து சத்தம் கொழுக்கும். ஒரு குமிழை நிறுத்திவிட்டு மற்றதை மெல்லத் திருகினார். திரையில் மலையின் உச்சி அப்படியே இருக்க, அடிப்பக்கம் மட்டும் தட்டையாகிக்கொண்டே வந்தது. கூடவே சத்தமும் குறுகலான புல்லாங்குழலிலிருந்து அகலமான எதுவோ ஒன்றாக மாறியது. கால் திருகலுக்கு இவ்வளவா என்று மறுபடி மறுபடி செய்யச் சொன்னேன்.

நடுவில் ஒரு முறை ‘படார்’ என்று அறையே அதிர்ந்தது. ஈரக்காற்றில் குமிழின் உள்ளே தூசி பிடித்து, முள் ஒரு கணம் தொடாமல் போனால் டிரான்சிஸ்டர் தூங்கிவிடும். சீவ ஆளில்லாமல் முழு அலையும் வெளியே பாயும். “ஜூன் மாசத்துல எல்லா குமிழும் இப்படித்தான்” என்று மாமா ஒரு சொட்டு கிளீனர் விட்டார்.

அப்போதுதான் கரண்ட் போயிற்று.

திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. மின்விசிறி நின்றது. மழையும் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. பெட்டி பாட்டரியில் ஓடுவது. மாமாவிடம் ஐந்து அங்குல ஸ்பீக்கர் வைத்த பாட்டரி ஆம்ப் ஒன்றும் இருந்தது. சம்புடத்தின் மூடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சுவிட்சை எல்.இ.டி.க்குத் திருப்பினேன். கம்பியைத் தட்டினால், இருட்டில் டப்பாவுக்குள் இரண்டு செம்பொட்டு மங்கலாக மின்னி, நாதம் தேயத் தேய அணைந்தன. சீவியதெல்லாம் வீணாய்ப் போகவில்லை, ஒரு பங்கு வெளிச்சமாகிக்கொண்டிருந்தது. இதை நான் படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. சென்னையில் பெட்டியை எப்போதும் வெளிச்சத்தில்தான் சோதிப்பேன். குழந்தை மாதிரி பத்து நிமிடம் தட்டிக்கொண்டே இருந்தேன்.

பிறகு இரண்டு குமிழ்ப் பக்கத்துக்கு மாற்றி, மூன்றாம் கம்பியில் இரண்டாம் கட்டத்தை அழுத்தி, முதல் கம்பியைத் திறந்தே விட்டு, இரண்டையும் சேர்த்துத் தட்டினேன். 220 ஹெர்ட்ஸும் 330 ஹெர்ட்ஸும். நம் பேச்சில் ஷட்ஜமும் பஞ்சமமும். ராக் வாசிக்கிறவர்கள் பவர் கார்டு என்று சொல்லி உயிரை விடுவது இந்த ஜோடியைத்தான். டிஸ்டார்ஷனில் முழு கார்டு வாசித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும். இந்த இரண்டு மட்டும் ஒட்டி நிற்கும்.

மாமா குமிழ்களை மெல்லக் கீழே இறக்கினார். அடியிலிருந்து ஏதோ எழும்புவது போல இருந்தது. இன்னும் இறக்கினார். தெளிவாகக் கேட்டது: நான் தொடாத ஒரு சுரம், ஷட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே. ஏற்றினால் மறைந்தது. இறக்கினால் வந்தது.

சமையலறையிலிருந்து மாமியின் குரல்: “யாரு அது, கீழ் ஷட்ஜம் பிடிக்கறது?”

“யாரும் பிடிக்கல” என்றார் மாமா.

மாமி மெழுகுவர்த்தியோடு வந்தார். ஸ்வாதித் திருநாள் சங்கீதக் கல்லூரியில் படித்தவர். 1939இல் தொடங்கி, முதல் முதல்வராக ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் இருந்த இடம். என் கையையும் கம்பிகளையும் பார்த்தார். மறுபடி தட்டச் சொன்னார். கணக்கு எளிதுதான்: சீவும்போது இரண்டு சுரங்களும் பெருக்கிக் கழித்துக்கொள்கின்றன, 330இலிருந்து 220 போனால் 110. காகிதத்தில் எனக்குத் தெரியும். மாமிக்குக் காகிதம் தேவைப்படவில்லை. மூலையில் உறை போட்டிருந்த தம்புராவைக் கொண்டுவந்து மடியில் சாய்த்துக்கொண்டார்.

“இங்க பாருங்கோ. பஞ்சமம், சாரணை ரெண்டு, மந்தரம். நாலே நாலுதான். காந்தாரத்துக்குக் கம்பி உண்டோ? இல்ல. ஆனா நன்னா சேர்ந்துதுன்னா காந்தாரம் தானா கேக்கும்.”

குதிரையின் மேல், கம்பிக்கு அடியில் ஒரு பருத்தி நூல். ஜீவாளி என்கிறார்கள். மாமி மெழுகுவர்த்தியைக் கிட்டே பிடிக்கச் சொல்லிவிட்டு, நூலை நகத்தால் மிக மிகச் சிறிதாகத் தள்ளினார். கம்பி டொக்கென்று மரக்கட்டையாக ஒலித்தது. இன்னும் ஒரு மயிரிழை. சட்டென்று கம்பி வாய் திறந்து ரீங்கரித்தது. அதற்குள்ளே, கொஞ்சம் நேரம் கழித்து, காந்தாரம்.

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் ஒளியைப் பிடிப்பதற்கு முன்னால் இதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். 1921இல் எழுதிய கட்டுரையில் தம்புராவையும் வீணையையும் எடுத்துக்கொண்டார். கம்பியை ஓர் உபரிச் சுரத்தின் அசையாப் புள்ளியில் மீட்டினால் அந்தச் சுரம் எழவே கூடாது என்பது ஐரோப்பிய ஏட்டு விதி. நம் குதிரை அகலமாகவும் வளைந்தும் இருப்பதால் கம்பி அதன் மேல் உரசி உரசி விலகுகிறது. விதிப்படி இல்லாமல் போக வேண்டிய சுரமும் வந்து நிற்கிறது. உரசும் குதிரையும் சீவும் டையோடும் ஒன்றல்ல. ஆனால் கொடுக்காததைத் திருப்பித் தருகிற காரியம் இரண்டிலும் நடக்கிறது. எங்கே தொடவேண்டும் என்பதை ஒரு மயிரிழையில் மாற்றும் வசதியும் இரண்டிலும் இருக்கிறது. மாமியின் நகமும் மாமாவின் குமிழும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. நாற்பது வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் இருவரும் இதைப் பேசிக்கொண்டதில்லையாம்.

மாமி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “வாசிங்கோ.” கண்ணை மூடிக்கொண்டு குமிழைத் திருகினார். நான் திருகுவது போல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அல்ல. ஓர் இடத்தைச் சுற்றி முன்னும் பின்னுமாக, சுருதி சேர்ப்பது போல. ஓரிடத்தில் நின்றார். “இங்க. இதுக்கு மேல போனா வெறும் இரைச்சல்.” மாமா ஒயிட்னரை எடுத்து, குமிழின் கோட்டுக்கு நேரே மூடியில் ஒரு புள்ளி வைத்தார். மறுநாள் காலை மீட்டர் வைத்து அளந்தோம். மேல் பாதிக்கு 0.94 வோல்ட், கீழ் பாதிக்கு 1.21. நான் வைத்திருந்தால் இரண்டையும் சமமாகத்தான் வைத்திருப்பேன், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று.

அடுத்த இரண்டு நாளும் எனக்கென்று ஒரு பெட்டி செய்தோம். எவர்சில்வர் சம்புடத்தில் துளை போடுவது தனி வித்தை. டிரில் வழுக்கி ஓடும், கூர் மழுங்கும். தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மெதுவாகச் சுற்றினால் இறங்கியது. டாட் போர்டில் சால்டரிங் என் வேலை. சாலையில் வாங்கிய ஏழு டையோடில் முதலாவதை ஐந்தே விநாடியில் கருக்கினேன். சிலிக்கான் பழக்கம், ஜெர்மானியம் சூடு தாங்காது. மீட்டரில் இரண்டு பக்கமும் ஒரே எண் காட்டியது, அதாவது காவல் இல்லாத வாசல். மாமா ஒன்றும் சொல்லாமல் குறடு ஒன்றை நீட்டினார். டையோடின் காலைக் குறடால் கவ்விக்கொண்டால் சூடு உடம்புக்கு ஏறாமல் குறடுக்குள் போய்விடும். இரண்டாவது பிழைத்தது. அதை வெளிச்சத்தில் பார்த்தேன். மீசை அப்படியே துணுக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கிளம்பும் நாள் மாமி என் பெட்டியிலும் கண்ணை மூடித் திருகி இடம் பார்த்தார். ஒயிட்னர் புள்ளி. துணியில் சுற்றிக் கிட்டார் உறைக்குள் வைத்துக்கொண்டேன். சீசன் நெரிசல், உறையை மேல் பெர்த்தில் யாருடைய பலாப்பழத்துக்கோ பக்கத்தில் வைக்க வேண்டியதாயிற்று.

சென்னை வந்து சேர்ந்ததும் குளிக்கக்கூட இல்லை. பெட்டியை மேடையில் வைத்து, புள்ளிக்கு நேரே குமிழைத் திருப்பி, அதே இரண்டு கம்பியைத் தட்டினேன். கீழ் ஷட்ஜம் வரவில்லை. அடியில் ஏதோ ஒன்று வவ்வவ் என்று ஆடிக்கொண்டிருந்தது. பாட்டரி மாற்றினேன். டையோடை அளந்தேன். குமிழுக்குக் கிளீனர் விட்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் கரமனைக்குப் போன் போட்டேன். மாமி எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன், வோல்ட் கணக்கு உட்பட.

“அதெல்லாம் இருக்கட்டும். ரயில்ல வந்திருக்கேளே, கம்பியை சுருதி சேர்த்தேளோ?”

சேர்க்கவில்லை.